மேலே மல்லிகை, கீழே கூழ்வற்றல்: ஒரு பால்கனித் தரையை மூடிய கதை

கீழ்வீட்டு அம்மா முதலில் என்னிடம் வரவில்லை. அவர் வாட்ச்மேனிடம் சொன்னார், வாட்ச்மேன் என் மனைவியிடம் சொன்னார், அவள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் சொன்னாள்: "நம்ம செடித் தண்ணி அவங்க கூழ்வத்தல்ல விழுகுதாம்." 2023 பங்குனி அது. மழை பெய்தே பல வாரம் ஆகியிருந்தது. ரெண்டு சொட்டுத் தண்ணீருக்கா இவ்வளவு என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு எனக்கு வைத்த செலவு, கடைசிக் கணக்கில், 42,150 ரூபாய்.

நாங்கள் இருப்பது மதுரை புதூரில், அழகர்கோவில் சாலையைப் பார்த்த ஒரு சின்ன அடுக்குமாடி. 2009-இல் கட்டியது. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. பால்கனி 11 அடி நீளம், 4 அடி அகலம், கிழக்குப் பார்த்தது. கீழே தூண் இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை. அதன்மேல் டைல்ஸ், ஓரத்தில் கம்பிக் கைப்பிடி. தண்ணீர் போவதற்கு வெளி மூலையில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று தரையைத் துளைத்துக் கீழே அரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் தண்ணீர் என்ன ஆகும் என்று கட்டினவர் யோசிக்கவில்லை. நானும் பதினான்கு வருஷம் யோசிக்கவில்லை.

கீழ்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. மொட்டைமாடிக்கு ஏற முடியாது. அதனால் மாசி, பங்குனி வெயிலில் பால்கனிக் கம்பிக்கு வெளியே ஒரு தட்டி கட்டி, அதில் பழைய வேட்டியை விரித்து வற்றல் பிழிவார். சொந்தக்காரர்களுக்குப் போக மிச்சத்தை விற்பார். காலை ஏழு மணிக்குப் பிழிந்து வைத்தால் ஏழரைக்கு என் மனைவி மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். நேரம் அப்படி அமைந்துவிட்டது.

மொத்தம் 23 தொட்டி. பெரும்பாலும் மல்லிகை, மூன்று செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, துளசி. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் தொட்டி எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பாள் மனைவி.

முதல் முயற்சி: மூடி மறைத்தது

தரையை மூடிவிட்டால் தண்ணீர் கீழே போகாது என்பது அப்போது என் புத்திக்கு எட்டிய தீர்வு. ஒன்றோடொன்று கொக்கி மாட்டும் டெக் டைல்ஸ் வருகிறதே, மரம் மாதிரி, ஒரு அடிக்கு ஒரு அடி, அடியில் பிளாஸ்டிக் ஜாலி. அதை வாங்கினேன். அதற்கடியில் பச்சைப் புல் விரிப்பு ஒன்றையும் போட்டேன், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று. மூலைக் குழாயின் வாயை ஒரு துணிப்பந்தால் அடைத்துவிட்டேன். ஆக மொத்தம் 7,400 ரூபாய், ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. கொத்தனாரும் தேவைப்படவில்லை, தூசியும் இல்லை. பால்கனி ஏதோ ரிசார்ட் மாதிரி இருந்தது.

உண்மையிலேயே சொட்டு நின்றது. வற்றல் சீசன் முடியும்வரை கீழே இருந்து ஒரு புகாரும் இல்லை. மே மாதம், சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற கள்ளழகரை மதுரைக்காரர்கள் வழியில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று, அவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் அந்த டெக் மேல் நின்றுதான் கும்பிட்டார்கள். மூன்றுமாவடி தாண்டி அவர் தல்லாகுளம் போகிற வழி எங்கள் வீட்டுக்கு எதிரே. எல்லோரும் தரையைப் பாராட்டினார்கள். அன்று அந்தப் பால்கனி எவ்வளவு சுமந்தது என்பதைப் பின்னால் கணக்குப் போட்டபோது வயிறு கலங்கியது. அதற்கு வருகிறேன்.

ஜூலையில் ஒரு வாடை வந்தது. குளத்துச் சேறு வாடை. ஒரு டெக் சதுரத்தைத் தூக்கிப் பார்த்தேன். புல் விரிப்பு ஊறிப்போன சாக்கு மாதிரி கிடந்தது. ஜாலிக்குள் அரை அங்குலத் தண்ணீர், அதில் கொசுப் புழு நெளிந்தது. டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற பருவம் வர ஒரு வாரம் பத்து நாள் போதும். நான் அதற்கு இரண்டு மாதம் குடியிருப்பு கட்டிக் கொடுத்திருந்தேன். விரிப்பைத் தூக்கி எறிந்தேன், தரையைக் கழுவினேன், டெக்கை மறுபடி மாட்டினேன். குழாயில் வைத்த துணிப்பந்தை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி கீழே சொட்டுமே.

அக்டோபரில் வடகிழக்கு மழை. கிழக்குப் பார்த்த பால்கனி என்பதால் மேல்மாடித் தளம் குடை பிடித்தாலும் சாரல் நேராக உள்ளே வரும். வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. நவம்பரில் கீழ்வீட்டுப் பால்கனிக் கூரையில் ஈரத் திட்டு தெரிந்தது. அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. டிசம்பரில் ஒரு காலை, உள்ளங்கை இரண்டு சேர்த்தால் வரும் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி அவர் பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. குழந்தை அப்போது உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் அவர் முதன்முறையாக மாடி ஏறி வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. கத்தவில்லை. பெயர்ந்த காரைத் துண்டை ஒரு முறத்தில் வைத்து எடுத்து வந்திருந்தார். "அண்ணே, இதைப் பாத்துக்கங்க" என்று வாசல் திண்ணையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கீழே விழுவது எத்தனை விதம்

மைத்துனர் மகன் கட்டடப் பொறியாளர். திருமங்கலம் பக்கம் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தவன் என் பால்கனியைப் பார்க்காமல் நேராகக் கீழ்வீட்டுக்குப் போனான். அரை மணி நேரம் கழித்து மேலே வந்து, "மாமா, உங்க பால்கனியில இருந்து நாலு விதமா விழுகுது. நீங்க நாலுக்கும் ஒரே பாயைப் போட்டு மூடியிருக்கீங்க" என்றான்.

முதலாவது, தொட்டியிலிருந்து வடிந்து குழாய் வழியாக விழுவது. வற்றலைக் கெடுத்தது இதுதான். இரண்டாவது, மழையில் தரை ஓரத்தின் வழியே வழிவது. மூன்றாவது, கான்கிரீட்டுக்குள் புகுந்து கசிந்து இறங்குவது; காரையைப் பெயர்த்தது அது. நான்காவது தண்ணீரே இல்லை: மண், சருகு, துணி கிளிப், உதிர்ந்த பூ. இதைச் சொன்னபோது கீழ்வீட்டு அம்மா, "மதினி தலைமுடியும் வரும்ணே" என்று சேர்த்துக்கொண்டாராம்.

பிறகு சோதனை. பத்து நாள் தொட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, டெக்கைக் கழற்றி, தரையைக் காய விட்டோம். தை மாதம், மழை இல்லை. முதலில் தரை ஓரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே நின்று பார்த்தோம். ஓரத்தைத் தாண்டிய தண்ணீர் நேராக விழாமல், கான்கிரீட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் உள்ளே ஊர்ந்து போய், அப்புறம் சொட்டியது. பாத்திரத்திலிருந்து பாலை மெதுவாக ஊற்றினால் பாத்திரத்தின் அடியிலேயே வழியுமே, அதே சங்கதி. இதற்காகத்தான் சன்ஷேடு, பால்கனி ஓரங்களில் அடிப்பக்கம் ஒரு சின்னக் காடி, அதாவது நீளப் பள்ளக் கோடு, விடுவார்கள். காடிக்கு வந்ததும் தண்ணீர் பிடி விட்டு விழுந்துவிடும். எங்கள் கட்டடத்தில் மூன்று மாடியிலும் அந்தக் காடி இல்லை.

அடுத்தது தேக்கிப் பார்ப்பது. குழாய் வாயை நன்றாக அடைத்து, ஓரத்தில் மணல் கலவையால் சின்ன வரப்பு கட்டி, ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். 44 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்றால் சுமார் 104 லிட்டர், அதாவது 104 கிலோ. அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தான். நாற்பது நிமிஷத்தில் கீழே குழாயைச் சுற்றி நீலம் சொட்டியது. குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை வெறும் சிமென்ட் பாலை வைத்து அடைத்திருந்தார்கள். அது எப்போதோ சுருங்கி விட்டுவிட்டது. மறுநாள் காலை கதவு நிலைக்குக் கீழே, சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஈரம் தெரிந்தது. அங்கே நீல நிறம் வரவில்லை, வெறும் ஈரம்தான். நிறம் கான்கிரீட்டிலும் காரையிலும் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் இறங்கும் என்றான்.

டைல்ஸ் போட்ட தரை எப்படி ஒழுகும் என்று கேட்டேன். டைல்ஸ் ஒழுகாது, டைல்ஸுக்கு நடுவே இருக்கிற வெள்ளைச் சிமென்ட் கோடு ஒழுகும். 44 சதுர அடியில் அந்தக் கோடுகளை நீட்டி வைத்தால் எண்பது அடிக்கு மேல் வரும். தண்ணீர் நின்றால் அத்தனை நீளத்திலும் மெல்ல மெல்ல உள்ளே போகும். நிற்காமல் ஓடிவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பதினான்கு வருஷம் பெரிதாக ஒழுகாத தரை நான் மூடிய ஆறு மாதத்தில் ஒழுகியதற்குக் காரணம் அவ்வளவுதான். மேலே விழுந்த தண்ணீர் முன்பு அரை மணியில் காய்ந்துவிடும். மூடிக்கு அடியில் அது வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

உப்புப் பூத்ததற்கும் காரணம் சொன்னான். கான்கிரீட் வழியே இறங்கும் தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். காற்றுப் பட்டதும் அது வெள்ளையாகப் படியும். எங்கள் போர்வெல் தண்ணீரின் கடுமையும் சேர்ந்துகொண்டது. வெள்ளை தெரிந்தால் தண்ணீர் கான்கிரீட்டை முழுக்கக் கடந்து வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் வழியில் கம்பியும் இருக்கிறது.

கம்பி எங்கே இருக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பால்கனித் தரையை உடைக்கப் போகிற யாரும் இதைத் தெரியாமல் மேஸ்திரியைக் கூப்பிடக் கூடாது.

அறைக்கு மேலே உள்ள சாதாரணத் தளத்தை இரண்டு பக்கமும் சுவரோ பீமோ தாங்கும். பாரம் ஏறினால் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி நடுப்பகுதியில் அடியில் இருக்கும். வெளியே நீட்டிய பால்கனி அப்படி இல்லை. அதன் ஒரு முனை மட்டும்தான் பிடிப்பில் இருக்கிறது. பாரம் ஏறினால் வெளி முனை தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில், நாம் நிற்கிற தரைக்கு ஒரு அங்குலம் கீழே, சில இடத்தில் அதற்கும் குறைவாக இருக்கும். டைல்ஸை எடுக்கிறேன் என்று டிரில் மிஷினை வைத்து இடித்தால் முதலில் மாட்டுவது அந்தக் கம்பிதான். கம்பி அறுந்தால் பால்கனி விரிசல் விட்டு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருக்காது.

கீழ்வீட்டில் காரை பெயர்ந்து தெரிந்த கம்பி அடிப்பக்கத்துத் துணைக் கம்பி. துருப் பிடித்திருந்தது. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. அது துணைக் கம்பி என்பதில் எனக்கு ஆறுதல். ஆனால் அடியில் இருப்பதே துருப்பிடித்தால் வழியில் மேலே இருப்பது எப்படி என்பதுதான் அவன் கவலை.

பாரக் கணக்கும் அன்று போட்டோம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 875 இரண்டாம் பாகம், குடியிருப்புப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன் சுமை எடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய 300 கிலோ. அறைக்கு அது 2 மட்டும். ஆட்கள் கூட்டமாக நிற்கிற இடம் என்பதால் பால்கனிக்கு அதிகம். எங்கள் 44 சதுர அடிக்குச் சுமார் 1,250 கிலோ வருகிறது. குளியலறை எடை மிஷினில் தொட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். ஈர மண்ணோடு ஒரு பெரிய சிமென்ட் தொட்டி 31 கிலோ. 23 தொட்டியும் சேர்ந்து 410. எதிர்சேவை அன்று பதினைந்து பேர், ஆளுக்கு அறுபது என்றால் 900. டெக்கும் ஊறிய விரிப்பும் தனி. 1,300-ஐத் தாண்டியிருக்கிறோம். அதிலும் எல்லாத் தொட்டியும் வெளிக் கைப்பிடி ஓரத்தில், எல்லா ஆட்களும் அதே ஓரத்தில் எட்டிப் பார்த்தபடி. நீட்டிய பலகைக்கு வெளி முனையில் வைக்கும் பாரம்தான் ரொம்பக் கனம். காப்பு அளவு என்று கொஞ்சம் கூடுதல் பலம் வைத்துத்தான் வடிவமைப்பார்கள், அதனால் தாங்கியது. "கணக்குப்படி தாங்கும் மாமா. கணக்குப்படி கட்டினாங்களானு கம்பிக்குத்தான் தெரியும்" என்றான்.

இரண்டாவது முயற்சி

2024 பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தது. முதல் நாளே மேஸ்திரி இடிக்கும் மிஷினோடு வந்தார். ஒரு மணி நேரத்தில் முடிச்சிரலாம் சார் என்றார். மிஷின் மாடி ஏறவில்லை. உளி, சுத்தியல் மட்டும். டைல்ஸும் அதன் அடிக் கலவையும் எடுக்க இரண்டு நாள் ஆனது. மேஸ்திரிக்கு என்மேல் கோபம், மைத்துனர் மகன்மேல் அதைவிடக் கோபம். இரண்டாம் நாள் கதவோரம் ஒரு இடத்தில் மேல் கம்பி லேசாகத் தெரிந்தது, கலவைக்குக் கீழே விரல் தடிமன்கூட இல்லாத ஆழத்தில். அதற்கப்புறம் மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளையாக அங்கே துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடினோம்.

டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய், வைத்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. தண்ணீர் போக வேண்டிய குழாய் மூலை, கதவுப் பக்கத்தைவிட 8 மில்லிமீட்டர் உயரம். வாட்டமே தலைகீழ். தண்ணீரெல்லாம் சுவரோரம் போய் நின்றதில் ஆச்சரியமில்லை. புது வாட்டத்தை எண்பதுக்கு ஒன்று என்று வைத்தோம்: நாலடி அகலத்துக்கு 15 மில்லிமீட்டர் இறக்கம். மேஸ்திரி ரெண்டு அங்குலம் கலவை போட்டு நல்லா வாட்டம் கொடுத்திரலாம் என்றார். ஒரு அங்குலக் கலவையே சதுர அடிக்கு ஐந்து கிலோ. இரண்டு அங்குலம் என்றால் 440 கிலோவை நிரந்தரமாகப் பால்கனியின் தலையில் ஏற்றுகிறோம். எடுத்த பழைய கலவையின் எடையைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தோம். வெளி ஓரத்தில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு குட்டித் திண்டு கட்டினோம். ஓரத்தில் வழிவதை நிறுத்தியது அதுதான்.

பழைய குழாயை எடுத்து, அதே ஓட்டையைக் கம்பி தட்டாமல் கொஞ்சம் அகலப்படுத்தி, மூன்று அங்குலக் குழாய் இறக்கினோம். சுற்றி இடைவெளியைக் கிரவுட் என்கிற சுருங்காத அடைப்புக் கலவையால் நிரப்பினோம். குழாய் பாதியில் நிற்காமல் சுவரைப் பிடித்துத் தரைவரை போக வேண்டும். போகிற வழி கீழ்வீட்டுப் பால்கனி. அவரிடம் கேட்க நானே போனேன். "பைப்பு போகட்டும்ணே. தண்ணி பைப்புக்குள்ள போனாச் சரி" என்றார். வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது என்பதால் குடியிருப்போர் சங்கத்திலும் எழுதிக் கொடுத்தேன். கட்டட நிறத்திலேயே பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். குழாயின் கடைசி முனை மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது. 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தச் சட்டத்துக்காக எங்கள் கட்டடத்திலும் ஒன்று இருந்தது, பாதி தூர்ந்துபோய். செடி மண் போய் அதை முழுக்கத் தூர்த்துவிடக் கூடாது என்று மேலே வாயில் கம்பி வலை வைத்திருக்கிறோம்.

பிறகுதான் உண்மையான மூடி. சுவரும் தரையும் சேரும் மூலையை நேர்க்கோணமாக விடாமல் வளைவாகப் பூசி, அதன்மேல் நார்வலை பதித்து, அக்ரிலிக் திரவமும் சிமென்டும் கலந்த நீர்காப்புப் பூச்சு இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்காக, காய்ந்ததும் இரண்டாவது தெற்கு வடக்காக. சுவரில் அரை அடி ஏற்றி, கதவு நிலைக்கு அடிவரை. இந்தக் கதவு நிலையில்தான் எல்லோரும் சோம்பேறித்தனம் காட்டுவார்கள், நாங்களும் முதலில் விட்டுவிட்டு அப்புறம் கல்லைத் தூக்கி அடியில் அடித்தோம். நாலு நாள் ஆறவிட்டு மறுபடி தண்ணீர் தேக்கினோம், இந்த முறை 48 மணி நேரம், மறுபடி நீலம். கீழ்வீட்டு அம்மா மணிக்கொரு தரம் அண்ணாந்து பார்த்தாராம். ஒன்றும் வரவில்லை.

அதன்மேல் வழுக்காத டைல்ஸ். கோடுகளுக்கு வெள்ளைச் சிமென்டுக்குப் பதில் எபாக்சி பிசின். அடிப்பக்கத்தில் காடி வெட்டினால் அங்கேயும் கம்பி மாட்டும் என்பதால், கீழ்வீட்டுப் பால்கனியில் ஏணி போட்டு, ஓரத்தின் அடியில் ஒரு அலுமினிய 'எல்' பட்டையைப் பசை வைத்து ஒட்டினோம். தண்ணீர் இப்போது அந்த மூக்கோடு நின்று விழுகிறது. உள்ளே ஊர்வதில்லை.

கீழ்க் கூரையைச் சரிசெய்வதில் ஒரு சின்ன உரசல். பங்குனி உத்திரத்துக்கு வீட்டில் விசேஷம், அதற்குள் பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்றார் அவர். ஈரம் போகாமல் அடித்தால் மூன்று மாதத்தில் கொப்புளித்துவிடும். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுக் கூரையில் ஒட்டி ஒரு நாள் விட்டோம், உள்பக்கம் வியர்த்திருந்தது. அதை அவரிடமே காட்டினேன். "அப்ப விசேஷத்துக்கு அங்கிட்டு ஒரு சேலையைக் கட்டி மறைச்சுக்கிறேன்" என்றார். ஏப்ரல் கடைசியில் தாள் வியர்க்காமல் இருந்தது. அப்புறம்தான் துருவைத் தேய்த்து, பாலிமர் சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, பெயின்ட் அடித்தோம்.

செலவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் 9,250. பூச்சுச் சாமான் 3,400. டைல்ஸ், பசை, எபாக்சி 6,300. குழாய் வேலை 4,800. கீழ்வீட்டுக் கூரை 7,500. குப்பை இறக்க, மணல் ஏற்ற 1,500. மைத்துனர் மகன் காசு வாங்க மாட்டேன் என்றான். 2,000 ரூபாயை அவன் சட்டைப் பையில் திணித்தேன். மொத்தம் 34,750. முதல் முயற்சியின் 7,400-ஐச் சேர்த்தால் ஆரம்பத்தில் சொன்ன எண் வரும். கீழ்க் கூரைச் செலவை யார் தருவது என்று சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கட்டினவர் விட்ட குறை பாதி என்பது உண்மை. துணிப்பந்தை வைத்து அடைத்தது நான். நானே கொடுத்தேன்.

டெக் என்ன ஆனது

தூக்கி எறியவில்லை. தரைக்கு நீர்காப்பு வந்தபிறகு டெக் வெறும் அழகுச் சாமான், அதை அந்த அளவில் வைத்துக்கொண்டோம். உட்காருகிற பாதியில் மட்டும், நாலு நாலு சதுரமாகச் சேர்த்து, தனித்தனியாகத் தூக்கும்படி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கிக் கூட்டுவது என் வேலை. குழாய் வாயின்மேல் டெக் கிடையாது. அது எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

தொட்டிகள் 23-இலிருந்து 14 ஆயின. இதற்கு நடந்த பேச்சுவார்த்தையை எழுத எனக்கு அனுமதி இல்லை. எல்லாம் இப்போது சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில். முன்பு தினமும் இரண்டு வாளி, சுமார் 30 லிட்டர் ஊற்றினோம். ஒரு நாள் அடித்தட்டு வைத்துப் பிடித்துப் பார்த்தால் 9 லிட்டர் அப்படியே வடிந்து வந்தது. இப்போது தொட்டிக்கு ஒரு செம்பு, அதுவும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்த பிறகு. அடித்தட்டில் தேங்கியதை அரை மணி கழித்து மறுபடி செடிக்கே ஊற்றிவிடுவோம், கொசுவுக்கு வைக்காமல்.

காய்ந்த குப்பைக்குக் கைப்பிடியின் அடியில் ஒன்றரை அடிக்குப் பச்சை நிழல்வலை கட்டினோம். முதலில் கைப்பிடி உயரம் முழுக்கக் கட்டியிருந்தேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வலை பாய்மரமாகி, கட்டிய கம்பி ஒன்றையே ஆட்டிவிட்டது. குறைத்த பிறகு நிற்கிறது. துணி கிளிப் மட்டும் இன்னும் வாரம் ஒன்று கீழே போகிறது.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று சாயங்காலம் என் பால்கனியில் குழாய் கடகடவென்று இழுத்துக்கொண்டிருக்க, கீழே இருந்து போன். எடுக்கும்போது கை நடுங்கியது.

"அண்ணே, கூரையத் தடவிப் பாத்தேன். காஞ்சுதான் இருக்கு."

அவ்வளவுதான் பேசினார். 2025 மாசியில் அவர் தட்டியில் மறுபடி வேட்டி விரிந்தது. முதல் ஈடு காய்ந்ததும் ஒரு தூக்கு நிறையக் கூழ்வற்றல் மேலே வந்தது, தூக்கு திரும்பிப் போகும்போது அதில் மல்லிகை போனது.

ஏப்ரலில் ஒரு நாள் டெக்கைத் தூக்கிக் கூட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மாடியில் புதிதாக ஏசி மாட்டியிருக்கிறார்கள், அதன் தண்ணீர்க் குழாய் பால்கனித் தரையில் எங்கோ முடிகிறது. மேல் கூரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரத் திட்டு. இளவட்டங்கள், குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் நானே படி ஏறினேன். சொட்டு நீலம் பாட்டிலில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன்.